மாசாமாசம் சிங்கப்பூர் போகப்போற நண்பனுக்கு

டேய் சரவணா,

புது வேலை, மாசம் ஒரு தடவை சிங்கப்பூர், நடுவுல டெல்லின்னு நீ எழுதினத படிச்சு ரொம்ப சந்தோஷம்டா. இங்க அம்மாவுக்கு மூட்டு வலி இப்போ தேவல, சாயங்காலம் கோயில் வரைக்கும் நடந்துட்டு வராங்க, உன்ன விசாரிச்சாங்க.

எந்த ஏர்லைன்ஸ்ல மைல், அதான் பறக்கப் பறக்க அவங்க குடுக்கிற பாயிண்ட், சேக்கலாம்னு கேட்டிருந்தல்ல, என்னக் கேட்டா நாலு எடத்துல பிரிச்சு சேக்காத, ஒரே எடத்துல சேரு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா ரெண்டுமே ஸ்டார் அலையன்ஸ்ங்கிற ஏர்லைன்ஸ் கூட்டணில இருக்கு, அதனால டெல்லிக்கு ஏர் இந்தியால போனாலும் புக் பண்றப்போ உன் கிரிஸ்ஃபிளையர் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட மைல் திட்டம்) நம்பர குடுத்துட்டா மைல் அதுலயே ஏறிடும். இது ஏன் முக்கியம்னா, அதுல எலைட் கோல்டுங்கிற மேல் நிலை மெம்பர் ஆக 12 மாசத்துல 50,000 எலைட் மைல் (இந்த நிலைக்குன்னு எண்ணுற மைல்) வேணும், சென்னை-சிங்கப்பூர் ஒரு வழி சுமார் 1,800, போக வர 3,600, மாசாமாசம் போனாக்கூட வருஷத்துக்கு 43,000 சொச்சம்தான் வருது, மிச்சத்த டெல்லி டிரிப்புதான் ரொப்பணும். கோல்டு வந்துட்டா எகானமி டிக்கெட்லயே லவுஞ்ச், கூடுதல் லக்கேஜ் எல்லாம் கிடைக்கும், ஸ்டார் அலையன்ஸ்ல மத்த ஏர்லைன்ஸ்ல போனாலும் செல்லும்.

ஆனா இது முழு மைல் கிடைக்கிற டிக்கெட்டுக்குப் போட்ட கணக்கு. மலிவு டிக்கெட்ல கம்மியாதான் ஏறும், உங்க கம்பெனி எப்பவும் அதத்தான் போடுதுன்னா கோல்ட மறந்துடு, டைமிங் மட்டும் பாரு. இண்டிகோ எந்த அலையன்ஸ்லயும் இல்ல, புளூசிப்னு சொந்தமா பாயிண்ட் திட்டமே 2024லதான் ஆரம்பிச்சாங்க, இருந்தாலும் காலைல டெல்லி போய் ராத்திரியே வீட்டுக்கு வர அவங்க ஃபிளைட்தான் தோதுன்னா யோசிக்காம அதுலயே போ. ராத்திரி பூரா தூங்காம போய் இறங்கி நேரா மீட்டிங்ல உக்கார்றதெல்லாம் நம்ம வயசுக்கு ஆகாதுடா, மைலுக்காக உடம்ப கெடுத்துக்காத.

சேந்தத பூட்டியும் வைக்காத. கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு 3 வருஷம்தான் ஆயுசு, அதுவும் போக ஏர்லைன்ஸே நின்னு போகுது, 2012ல கிங்ஃபிஷர் நின்னப்போ மைல் வச்சிருந்தவங்க கைல ஒண்ணும் மிஞ்சல. ஓரளவு சேந்ததும் வீட்ல எல்லாரையும் சிங்கப்பூர் கூட்டிட்டு போ, நீ ஊர் ஊரா சுத்துறப்போ வீட்ட பாத்துக்கிறது அவங்கதான.

டிராவல் டெஸ்க்ல எந்த கிளாஸ் டிக்கெட் போடுறாங்கன்னு கேட்டு எழுது, அப்புறம் ஒக்காந்து சரியா கணக்கு போடலாம்.

உன்
முரளி