வெட்கம் தடுக்கக் கூடாத பரிசோதனை

மதிப்பிற்குரிய ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஆலிம் பெருமக்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் நம் சமுதாயப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அறிந்தவரை இவர்களில் பெரும்பாலோருக்கு நிக்காஹ் செய்த கணவர் வழியாகவே தொற்று வந்தது. 2004 ஏப்ரலில் தொடங்கிய அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையால் இன்று அவர்கள் நீண்ட காலம் வாழ முடிகிறது. ஆனால் தொற்று இல்லாத பெண்களைவிட அவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ 6 மடங்கு அதிகம். அதனால்தான் 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. புற்றாக மாறுவதற்கு முன்பே கண்டால் எளிய சிகிச்சையிலேயே குணமாகும்.

அந்தப் பரிசோதனை மேசைவரை வந்துவிட்டு, அவ்ரத்தை (மறைக்க வேண்டிய உடல் பகுதியை) திறப்பது பாவமாகிவிடுமோ என்று அஞ்சித் திரும்பிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். பர்தாவின் கடமையைப் பயான்களில் ஓயாமல் கேட்டவர்கள் அவர்கள். நோயின் நிர்ப்பந்தத்தில், இயன்றால் பெண் மருத்துவரிடம், தேவையான அளவுக்கு மட்டும் காட்டலாம் என்ற சலுகையையோ அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான் இது.

மாதவிலக்கு அல்லாத நாளில் உதிரம் பட்டால், அது ஹைளா (மாதவிலக்கா), இஸ்திஹாளாவா (மாதவிலக்கு அல்லாத உதிரப்போக்கா), தொழலாமா என்று ஆலிமாவிடம் கேட்கும் பெண், தொழுகைக்குரிய விடையைப் பெற்றதும் நிம்மதியாகிவிடுகிறாள். அந்த உதிரமே புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. மதரஸாக்களில் இந்த மஸாயிலை (மார்க்கச் சட்ட விளக்கங்களை) அத்தனை நுணுக்கமாகக் கற்பிக்கும் நம் ஆலிமாக்கள், இப்படிப்பட்ட உதிரப்போக்குக்கு மருத்துவரையும் பார் என்ற ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னால், மருத்துவமனைச் சுவரொட்டிகள் எட்டாத வீடுகளுக்குள் அது போய்ச் சேரும். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் தடையாக இருந்ததில்லை என்று மதீனாவின் அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்ததை நீங்களே எங்களுக்குக் கற்பித்தீர்கள். அந்தப் பெண்கள் தங்கள் உடலைப் பற்றிய கேள்விகளை நபி (ஸல்) அவர்களிடமே கேட்டவர்கள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைக் கண்டறிய, பெண்கள் தாமே மாதிரி எடுத்துக்கொடுக்கும் பரிசோதனையையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. வேறொருவர் முன் உடலைத் திறக்க இயலாதவர்களுக்கு இது பெரும் ஆறுதல். இதை நம் ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கச் செய்யுமாறு ஜமாஅத்தின் பெயரால் அரசிடம் கேளுங்கள்.

இன்னொன்று: இந்தச் செய்தியை எல்லாப் பெண்களுக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். தொற்றுள்ளவர்களைத் தனியே அழைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். ஒருவரது நிலையை அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம். வரும் ரமளானுக்கு முன் ஒரு ஜும்ஆவிலாவது இதைப் பேசுங்கள். ஆண்களும் கேட்கட்டும், மனைவியை மருத்துவமனைக்கு அனுப்ப மறுப்பவர்கள் அவர்களில்தான் இருக்கிறார்கள்.

துஆவுடன்,
உங்கள் சகோதரி