பெரிலியமும் பத்தரை மணி நேரமும்

அன்புள்ள மதி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

கூண்டுக்குள் அடைத்தால் கதிரியக்க அணு சீக்கிரம் சிதையுமா என்று போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. நீ இப்போது இருக்கும் ஜப்பானின் செண்டாயில், தொஹோகு பல்கலைக்கழகத்தில்தான் அதைச் செய்து பார்த்தார்கள். 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த பந்துதான் கூண்டு. லித்தியம் சேர்மத்தோடு அந்தப் பந்துகளின் பொடியைக் கலந்து புரோட்டான் கற்றையைப் பாய்ச்சினால், லித்தியம் பெரிலியம்-7 என்ற கதிரியக்க அணுவாக மாறும். உதைபட்ட வேகத்தில் சில அணுக்கள் பந்துக்குள் புகுந்துவிடும். 2004இல் வெளியிட்ட கணக்கு இது: பெரிலியம் உலோகத்துக்குள் அரை ஆயுள், அதாவது இருக்கிற அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், 53.12 நாள், கூண்டுக்குள் 52.68 நாள். வித்தியாசம் 0.83 சதவீதம், அதாவது சுமார் பத்தரை மணி நேரம். கொஞ்சம்தான், ஆனால் அரை ஆயுள் விஷயத்தில் இது பெரிய சங்கதி.

கூண்டு அணுக்கருவைத் தொடுவதே இல்லை. பெரிலியம்-7 சிதைய வேண்டுமானால், கரு தன்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் ஒன்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அப்போது ஒரு புரோட்டான் நியூட்ரானாகும், பெரிலியம் மறுபடி லித்தியமாகும். ஆகவே கரு இருக்கும் இடத்தில் எலக்ட்ரான் அடர்த்தி கூடினால் சிதைவும் வேகம் பிடிக்கும். உலோகத்தில் பெரிலியம் தன் வெளி எலக்ட்ரான் இரண்டையும், கூட்டுக் குடும்பத்தில் சம்பளத்தைக் கொடுப்பது மாதிரி, பொதுவில் போட்டுவிடுகிறது. கூண்டின் நடுவில் யாரோடும் பிணையாமல் நிற்பதால் அவை அதனிடமே தங்குகின்றன, கருவிடம் அடர்த்தி கூடுகிறது. 2007இல் கூண்டை 5 கெல்வின் (சுமார் மைனஸ் 268 டிகிரி செல்சியஸ்) குளிரில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் ஏறக்குறைய 1.5 சதவீதமானது.

எல்லா அணுவும் இப்படி ஒதுங்கி நிற்காது. லாந்தனம் என்ற உலோகம் தன் எலக்ட்ரான்களைக் கூண்டுக்கே கொடுத்துவிடும். நைட்ரஜன் வேறு ரகம். வெளியே கிடைத்ததோடு ஒட்டிக்கொள்ளும் தனி அணு, உள்ளே சாதுவாக நடுவில் இருக்கும். அதை 1996இல் பெர்லினில் காட்டினார்கள்.

அப்புறம், இதை வைத்து அணு உலைக் கழிவைச் சீக்கிரம் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதே. சீசியம்-137 எலக்ட்ரானை வெளியே தள்ளிச் சிதைகிற ஜாதி. வெளியிலிருந்து அதற்கு எலக்ட்ரான் வேண்டியதில்லை. எந்தக் கூண்டில் போட்டாலும் அதன் முப்பது வருஷக் கணக்கு நடைமுறையில் அப்படியேதான் இருக்கும்.

எனக்கு ஒரு காரியம் செய். உள்ளே புகுந்த பெரிலியத்தையும் வெளியில் ஒட்டிக்கொண்டதையும் எப்படிப் பிரித்தார்கள் என்று உன் துறையில் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா