பன்னிரண்டு படம்

ஹட்டன்,
2025 ஏப்ரல் 23

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வருகிறது, வெயிலோடு போகிறது. தினமும்தான் வட்ஸ்அப்பில் பேசுகிறோமே, பிறகென்ன கடிதம் என்று கேட்பாய். நீ பேசுவது பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டு. நான் பேசுவது "கேட்குதா, கேட்குதா" என்று கத்திக்கொண்டு. அதற்குள் எதைச் சொல்வது? இதை எழுதி முடித்ததும் கீழே போன் கடைத் தம்பியிடம் கொடுத்தால் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான். 34 வருடம் நான் ஸ்டூடியோ வைத்திருந்த அறையில் இப்போது அவன் உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருக்கிறான். டார்க் ரூம் இருந்த மூலையில் வரிசையாகச் சார்ஜர் தொங்குகிறது. வாடகை ஒழுங்காகத் தருகிறான், குறை சொல்ல மாட்டேன்.

வருடப்பிறப்புக்கு மறுநாள் இரவு எழுதியிருந்தாயே, "அப்பா, சீனரி வேண்டாம், அது இங்கே போனைத் திறந்தாலே வருது. நம்ம டவுனை எடுத்து அனுப்புங்க" என்று. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. விடிந்தால் எல்லோரும் எல்லவுக்குப் புறப்படுவதாக இருந்தோம். ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் கோச்சி போவதை மகளுக்காக எடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் வேறு பெருமையடித்து வைத்திருந்தேன். சரி, அதற்காகப் பயணத்தை நிறுத்த முடியுமா? அண்ணனின் பிள்ளைகள் அன்றிரவு தூங்கவே இல்லை.

மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டுதான் போனோம். ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைய, பெட்டி முழுக்க ஒரே ஊளை. நீயும் அண்ணனும் சின்னதில் போட்ட அதே கூச்சல். அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமல்லவா, மூச்சைப் பிடித்துக்கொண்டே கடக்கிறேன் என்ற சின்னவள் பாதியிலேயே விட்டுவிட்டாள். கொட்டகலை தாண்டி சென்.கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடம் வந்ததும் பெரியவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுவா தாத்தா?" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. 2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு ஆற்றுத் தண்ணீர் மலைக்கு உள்ளால் போகிறது, அருவிக்கு மிச்சம் மீதிதான். நம் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேனே, அந்தப் பழைய படத்தில் பாறையே தெரியாது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு பெரியவன் அதன் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை.

பட்டிப்பொலவில் நல்ல குளிர். நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன், 1,891 மீற்றர். வெளியே வெள்ளை மூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. பெரியவன் எடுத்த படமெல்லாம் சாம்பல் பூசியது போல வந்தது. வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று கமரா ஏமாந்துவிடும், அதுவாகவே படத்தை இருட்டாக்கும், நாங்கள் அந்தக் காலத்தில் வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் கூட்டித் திறப்போம் என்று சொல்லிக் கொடுத்தேன். போனில் திரையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சின்னச் சூரியனை மேலே தள்ளச் சொன்னேன். மூட்டம் பால் மாதிரி வெளுத்தது. "இதை யூடியூப்பில பார்த்தீங்களா தாத்தா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால்தான் நம்புவான்.

பாலத்தைப் பற்றி உனக்குப் புதிதாக என்ன சொல்ல? 1921இல் கட்டி முடித்தது, கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பு கிடையாது. முதலாம் உலகப் போருக்கு இரும்பெல்லாம் போய்விட்டதால் அப்படிக் கட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அன்றைக்கு அதன் மேல் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது, இரும்பு இல்லாமலே இவ்வளவையும் தாங்குகிறதே என்றுதான் நினைத்தேன். தண்டவாளத்தில் படுத்துப் படம் எடுக்கிறார்கள், பாப்பா. தலைக்கு மேல் இரண்டு ட்ரோன் வண்டு மாதிரி இரைந்துகொண்டு நின்றது. நாங்கள் தேயிலைச் சரிவில் இடம் பிடித்து, வடையைத் தின்றுகொண்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஹோர்ன் கேட்டது. கோச்சி வளைவில் மூக்கை நீட்டியது. போனைத் தூக்கி அமுக்கினேன். 'இடம் இல்லை' என்று வந்தது!

எப்படி இருக்கும் இடம்? நம் சொந்தக்காரர்கள் தினமும் காலை வணக்கம் என்று அனுப்பும் ரோஜாப்பூ, குத்துவிளக்கு, சாமி படம், குழந்தை சிரிக்கும் வீடியோ எல்லாம் உள்ளே குடியிருக்கிறது. ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு நிமிர்ந்தபோது கோச்சி தெமோதரைப் பக்கம் போயே போய்விட்டது. உன் அண்ணன் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு ரோலில் 12 படம், அதில் ஒன்றும் வீணாகக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க எண்ணி எண்ணி எடுத்த எனக்கு, அந்தச் சரிவில் அப்படி ஒரு மரியாதை.

மறுநாள் நுவரெலியா. சீசன் கூட்டம். கிரகரி வாவிக்கரையில் வான் நின்ற நேரத்துக்கு நடந்தே இரண்டு சுற்று வந்திருக்கலாம். வேறு எழுத ஒன்றுமில்லை.

அப்புறம்தான் நீ கேட்ட வேலை. எல்லவில் பட்ட அவமானத்துக்குப் பரிகாரமாக ஒரு தீர்மானம் எடுத்தேன். போனாக இருந்தாலும் ஒரு ரோல்தான், டவுனில் 12 படம், அதற்கு மேல் இல்லை. பெரியவனும் ஒத்துக்கொண்டான். முதல் நாள் ஸ்டேஷன் பக்கமிருந்து மாணிக்கப் பிள்ளையார் கோயில் வரை மூன்று தடவை நடந்தோம், ஒன்றுகூட எடுக்கவில்லை. பழகிய இடத்தில் கண் எங்கேயும் நிற்க மாட்டேன் என்கிறது. இந்தக் கடைக்கு முன்னால் 50 வருடமாக நடக்கிறேன், அதன் கதவு பச்சையா நீலமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பிறகு பெரியவன்தான், பஸ் ஸ்டாண்டில் ஏன் இத்தனை பேர் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டான். சிவனொளிபாதமலைக்குப் போய் வருகிறவர்கள், வெசாக் போயா பௌர்ணமி வரைக்கும் அப்படித்தான் என்றேன். சொல்லிக்கொண்டே திரும்பினால், ஒரு சிங்களப் பாட்டி படியில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, சித்தாலேப தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். 2,243 மீற்றர் உயர மலையில் ஏறி இறங்கிய கால். எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டேன். கையை அசைத்துச் சிரித்தார். அதுதான் முதல் படம்.

நாலாவது படத்தைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுத வேண்டும்.

சனிக்கிழமை காலையில் டிக்கோயா ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவன் போனை நீட்டிப் பெரிதாக்கி அவர்களை எடுக்கப் பார்த்தான். ஓரமாக நின்ற ஒரு அக்கா பார்த்துவிட்டு, "எங்க மூஞ்சிய எடுத்து என்னா தம்பி செய்யப் போறீங்க?" என்றார். கோபமில்லை, சும்மா கேட்டார். அவனுக்குப் பதில் வரவில்லை. எனக்கும்தான்.

உன் அப்பாயியின் படம் ஒன்றே ஒன்று இருக்கிறதல்லவா, சாமி மேடைக்குப் பக்கத்தில். அது எதற்கு எடுத்தது என்று உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. இந்தியப் பாஸ்போட்டுக்கு எடுத்தது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, தோட்டத்து இந்தியத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று அரிசி அளந்த மாதிரி அளந்தார்களே, அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் அக்கரைக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தது. நான் அப்போது டவுன் ஸ்டூடியோ ஒன்றில் படம் கழுவும் ஹைப்போ மருந்து கலக்கும் பையன். வாரத்தில் நாலு நாள் தோட்டத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஸ்டூடியோவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சீப்பு, ஒரு டப்பா பவுடர், ஆம்பிளைகளுக்கு ஒரு கறுப்புக் கோட். படம் எடுத்த சில மாதத்தில் அந்த முகங்களை ஸ்டேஷனில் பார்ப்பேன், டிரங்குப் பெட்டியோடு, தலைமன்னாருக்குப் போகும் கோச்சிக்கு. இங்கே நிற்பவர்களும் அழுவார்கள், ஏறியவர்களும் அழுவார்கள்.

என் அம்மாவை எடுத்த அன்று முதலாளி இல்லை, நான்தான் எடுத்தேன். மலையிலிருந்து நேராக வந்திருந்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டார். "அம்மா, கழுத்துக்குக் கீழே விழாது" என்று எத்தனை தடவை சொன்னேன், கையை எடுக்கவே இல்லை. தாள் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக அலைந்தது. 1984இல் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன கப்பலும் நின்றுபோனது. அவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள், பாஸ்போட்டுக்கு எடுத்த படம் சாமி மேடைக்கு வந்தது.

இதை ரோட்டில் நின்று பெரியவனுக்குச் சொன்னேன், சுருக்கமாகத்தான். அவனாகவே மேலே ஏறிப் போய், "அக்கா, ஒரு படம் எடுத்தா உங்களுக்குப் பிரிண்ட் கொண்டுவந்து தர்றோம்" என்றான். தலையில் கட்டியிருந்த துணியைச் சரிபண்ணிக்கொண்டு நின்றார். "கைய எடுக்காதீங்க, நகமெல்லாம் கறுப்பு" என்றார். பாப்பா, எனக்கு ஒரு நிமிடம் என்னவோ போல் இருந்தது. அவர் கேட்டபடியே முகத்தை மட்டும்தான் எடுத்தான். திங்கட்கிழமை நான் போய்ப் பிரிண்டைக் கொடுத்தேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். வருகிற சனிக்கிழமை ஏழு பேரை எடுப்பதாக ஏற்பாடு. ரிட்டயர் ஆனவனுக்கு மறுபடியும் வேலை. அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் படத்தை உனக்கு அனுப்புகிறேன்.

ஒன்பதாவது படம் ஆடிப்போயிருக்கிறது, ஆனாலும் விட்டுவிட்டேன். ஞாயிறு விடியற்காலை அண்ணன் குடும்பத்தை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது எடுத்தது. லீவு முடிகிற நாள் உனக்குத் தெரியும்தானே, கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். கியூ ரோடு வரைக்கும் நின்றது. நன்றாக உற்றுப் பார், ஒரு அம்மா பஸ் ஜன்னலுக்குள் ஷொப்பிங் பையைத் திணிக்கிறார், உள்ளேயிருக்கும் பையன் வேண்டாம் வேண்டாம் என்று வெளியே தள்ளுகிறான். பையில் முறுக்கு இருந்திருக்கும். நம் வீட்டிலும் அதே கூத்துத்தான். அண்ணி வேண்டாம் என்று சொன்ன அதிரச டப்பாவை அம்மா சின்னவளின் புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். கொழும்பு போய்ச் சேர்ந்த பிறகுதான் போன் வந்தது. கூடவே பக்கத்து வீட்டு நோனா தந்த கொக்கிஸ் பலகாரமும் போயிருக்கிறது.

மற்றதை நீயே பார்த்துக்கொள். ஸ்டூடியோப் படி இருக்கிறது, நீ உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே, அதில் இப்போது ஒரு பூனை. சித்திரை மழை பின்னேரம் இரண்டு மணிக்குப் பிடித்து, தெருவெல்லாம் குடையாக நிறைந்தது ஒன்று. அது மாடி ஜன்னலிலிருந்து பெரியவன் எடுத்தது, அவனுடைய படங்களில் அதுதான் எனக்குப் பிடித்தது. என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, அவனிடம் சொல்லிவிடாதே. கடைக் கதவு நீலம்.

அலுமாரியில் இருக்கும் யஷிகா கமராவை எடுத்துத் துடைத்தேன். ஷட்டர் இன்னும் சரியாக விழுகிறது. அங்கே 120 பில்ம் விற்கிறதாமே. டிசம்பரில் வரும்போது இரண்டு ரோல் கொண்டு வா, கறுப்பு வெள்ளை, 400 ஸ்பீட். கழுவும் மருந்துக்கு நான் ஆள் பார்க்கிறேன்.

எண்ணிப் பார்த்துவிட்டு 11தானே வந்திருக்கிறது என்பாய். நாலாவதும் ஒன்பதாவதும் சேர்த்துத்தான் 11. பன்னிரண்டாவது அம்மா. அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ, என்னைக் கவனிக்காத நேரம் பார்த்து எடுத்தேன். பார்த்துவிட்டு, "இந்த நைட்டியோட பிள்ளைக்கு அனுப்பினா அவ்வளவுதான், அழிங்க" என்று கரண்டியைத் தூக்கினாள். அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் அனுப்புகிறேன். அங்கே உனக்கு நடுச்சாமமாக இருக்கும், மணி அடித்தால் எழும்ப வேண்டாம். பார்த்தேன் என்று மட்டும் அவளிடம் வாய் தவறிச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா