வடிகட்டிக்கு நல்லது கெட்டது தெரியுமா?

பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதுபவர்களுக்கும், சரிபார்ப்பவர்களுக்கும், அவற்றுக்குப் படம் வரைபவர்களுக்கும்,

வணக்கம். உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் வேண்டுகோள் இது. கழிவுநீக்க மண்டலம் பற்றிய பாடத்தில், "சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டி" என்ற வரியை நான் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். ஒருநாள் அப்படி எழுதி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "வடிகட்டிக்குப் பெருசு, சிறுசு மட்டும்தானே சார் தெரியும்? நல்லது, கெட்டது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான் கையாண்ட பாடநூல்கள் எவற்றிலும் அந்தக் கேள்விக்கு நேரான விடை இல்லை. இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

அவள் கேட்டது முற்றிலும் சரி. குளோமருலஸ் என்னும் இரத்த நுண்குழாய் முடிச்சின் சல்லடை இரத்த அணுக்களையும் பெரிய புரதங்களையும் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் குளுக்கோஸும் யூரியாவும் அதற்கு ஒன்றுதான், இரண்டும் தடையின்றி வெளியேறிவிடும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் உள்ள ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது குளோமருலஸும் அதைத் தொடரும் நுண்குழலும் சேர்ந்த அலகுகள், இப்படி வடிப்பதால், இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர், ஒரு நாளில் 180 லிட்டர் நீர்மம் வெளியே வருகிறது. நம் உடலில் இருக்கும் பிளாஸ்மாவோ, அதாவது இரத்தத்தின் நீர்மப் பகுதியோ, ஏறக்குறைய 3 லிட்டர்தான். வடிகட்டுவதோடு வேலை முடிந்துவிட்டால் அரைமணி நேரத்துக்குள் பிளாஸ்மா தீர்ந்துபோகும். நாம் கழிப்பது நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவே என்பதால், மீதி 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது நுண்குழல்களின் வழியே இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது என்று பொருள்.

ஆகவே நல்லது கெட்டது பார்க்கும் இடம் சல்லடை அன்று; அதற்கு அடுத்து வரும் குழல். குளோமருலஸை ஒட்டிய அண்மைச் சுருள் நுண்குழலின் செல்கள், வடிந்து வந்த குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் ஏறக்குறைய முழுவதுமாகவும், நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கையும் மீட்டுக்கொள்கின்றன. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உலகில் உள்ள நஞ்சுகளின் பட்டியல் எதுவும் சிறுநீரகத்துக்குத் தேவையில்லை. உடலுக்கு வேண்டியவை எவை என்று தெரிந்தால் போதும். மீட்கப்படாத சிறு மூலக்கூறு, உடல் இதுவரை கண்டிராததே ஆனாலும், சிறுநீரோடு போய்விடும். ஹைட்ரஜன் அயனி, சில மருந்துகள் போன்றவற்றைக் குழல் செல்களே இரத்தத்திலிருந்து எடுத்துச் சிறுநீரில் சேர்ப்பதும் உண்டு.

இதைச் சொல்லாமல் விடுவதால் வரும் இழப்பு சிறியதன்று. நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் சர்க்கரை ஏன் வருகிறது என்று தேர்வில் கேட்டால், "வடிகட்டி பழுதாகிவிட்டது" என்று எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை. நாம் கொடுத்த உவமையிலிருந்து அவ்வளவுதான் பெற முடியும். உண்மையில் அங்கே சல்லடை அப்படியே இருக்கலாம். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, குளுக்கோஸை மீட்கும் கடத்திப் புரதங்களால் ஈடுகொடுக்க முடியாமல் மிச்சம் சிறுநீரில் தங்குகிறது, தன்னோடு நீரையும் இழுத்துக்கொள்கிறது. அடிக்கடி சிறுநீர் போவதும் தாகம் எடுப்பதும் அதனால்தான். சல்லடை பழுதானால் சிறுநீரில் தொடர்ந்து வருவது ஆல்புமின் புரதம். இந்த இரண்டையும் பிரித்தறியும் மாணவர், பின்னாளில் தம் வீட்டுப் பெரியவர்களின் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையைப் புரிந்து படிப்பார்.

'கழிவு' என்ற சொல்லையும் சற்றுத் தளர்த்த வேண்டும். நுண்குழலின் கொண்டையூசி போன்ற பகுதியான ஹென்லே வளைவு, சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்பைச் செறிவாக்கி வைக்கிறது. அந்தச் செறிவில் நாம் கழிவென்று ஒதுக்கும் யூரியாவுக்கும் பெரும் பங்கு உண்டு. உடலில் நீர் குறையும்போது பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் ஹார்மோன், நுண்குழல்கள் வந்து சேரும் சேகரிப்பு நாளங்களை நீருக்குத் திறந்துவிட, அந்தச் செறிவு நீரை உள்ளிழுத்துக்கொள்கிறது. இரத்தத்தைவிட நான்கு மடங்கு அடர்ந்த சிறுநீர் உருவாவது இப்படித்தான். சிறுநீரகத்தின் பிற பணிகளான சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவது, இரத்த அழுத்தத்தைச் சீராக்குவது, வைட்டமின் டி-யைச் செயல்வடிவுக்கு மாற்றுவது ஆகியவற்றுக்கும் ஆளுக்கொரு வரி ஒதுக்கினால் நல்லது.

படம் வரைபவர்களிடம் ஒரு தனி விண்ணப்பம். சிறுநீரகங்களிலிருந்து சிறுநீரைக் கொண்டுவரும் சிறுநீர் நாளங்கள் இரண்டும், தொட்டியின் உச்சியில் பொருத்திய குழாய்போல, சிறுநீர்ப்பையின் மேற்பகுதியில் நுழைவதாகப் பல படங்களில் பார்க்கிறேன். அவை பின்புறமாக இறங்கிவந்து, அடிப்பகுதிக்கு அருகே பையின் தசைச்சுவரைச் சாய்வாகத் துளைத்து நுழைகின்றன. பை நிரம்பும்போது சுவருக்குள் கிடக்கும் அந்தச் சாய்வான பகுதி அமுங்கி மூடிக்கொள்வதால், சிறுநீர் மேலே திரும்பிச் சிறுநீரகத்தை எட்டுவதில்லை. நாளமும் வெறும் குழாய் அன்று. 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள அது தன் தசைகளைச் சுருக்கி அலையலையாகச் சிறுநீரைத் தள்ளுவதால்தான், படுத்திருக்கும்போதும் பை நிரம்புகிறது. நாளம் சாய்வாக நுழைவதை ஒரு கோட்டில் காட்டிவிடலாம், பக்கத்தில் கூடுதல் இடம்கூட வேண்டாம்.

பாடத்தை நீட்டும்படி நான் கேட்கவில்லை. உறுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய ஒதுக்கிய பகுதியில் பாதியைக் குறைத்துக்கொண்டு, 180 லிட்டர் ஒன்றரை லிட்டராகும் கதையை அங்கே வையுங்கள். அடுத்த பதிப்பில் 'வடிகட்டி' என்ற வரி இருக்கும் இடத்தில், என் மாணவி கேட்ட கேள்வியையே பாடத்தின் முதல் வரியாக அச்சிடுங்கள்.

பணிவுடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்