ஆங்கோவில் பெஞ்சுகள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா! என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

போன வாரம் மகன் பிரான்சிலிருக்கும் நார்மண்டிக்குக் கூட்டிப் போனான். சேன்த் மேர் எக்லீஸ் என்ற ஊர் மாதா கோயிலில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல். குழந்தையோடு மாதா நிற்கிறாள். சுற்றிலும் சம்மனசுகள் பறக்க வேண்டிய இடத்தில் அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் இறங்குகிறார்கள்! இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரை விரட்ட அவர்கள் வந்து இறங்கிய 1944 ஜூன் 6 ராத்திரி ஊர்க்காரர்கள் கண்ணால் கண்ட காட்சிதான். ஆனால் அங்கே கூட்டமென்றால் கூட்டம்.

அப்புறம் ஆங்கோவில் ஓ ப்ளேன் போனோம். பெயரிலேயே கோவில் இருக்கிறது பார். ஊரில் நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். அதே சண்டையின்போது அங்குள்ள சின்னக் கோயிலில்தான் ராபர்ட் ரைட், கென்னத் மூர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ வீரர்கள் ஏறக்குறைய 80 பேருக்குக் கட்டுப் போட்டுக் காப்பாற்றினார்கள். இருவருமே டாக்டர் இல்லை. அமெரிக்கர், ஜெர்மானியர், ஊர்க் குழந்தை ஒன்று, எல்லாருக்கும் ஒரே கூரை. உள்ளே வந்த ஜெர்மானியர்கள், தங்கள் ஆட்களுக்கும் வைத்தியம் நடப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போய்விட்டார்கள். கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்த குண்டும் வெடிக்கவில்லை, தரைக்கல்தான் உடைந்தது.

சண்டையில் நொறுங்கிய ஜன்னல்களுக்குப் பதில், அந்த இருவர் பெயரில் ஒரு வண்ணக் கண்ணாடியும் பாராசூட் வீரர்களுக்கு இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள். அழகுதான். ஆனால் என் கண் காயம்பட்டவர்களைக் கிடத்திய பெஞ்சைவிட்டு நகரவில்லை. அன்றைய ரத்தம் மரத்துக்குள் ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. நீயாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருப்பாய். நாற்பது வருஷத் தொழில் ஆயிற்றே. இவர்கள் கண்ணாடியை மாற்றினார்கள். பெஞ்சையும் உடைந்த கல்லையும் விட்டுவிட்டார்கள். எனக்கென்னவோ ஜன்னலைவிட அந்தக் கை வைக்காத புத்திதான் பெரிதாகப் பட்டது.

ரைட் 2013-இல் இறந்தார். அஸ்தியில் ஒரு பங்கு அந்தக் கோயில் வளாகத்திலேயே இருக்கிறது. கல்லில் முழுப் பெயர்கூட இல்லை. ஆர், ஈ, டபிள்யூ என்று மூன்றே எழுத்து.

கறையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கை நீட்டினேன், அப்புறம் இழுத்துக்கொண்டேன். போட்டோ அனுப்புகிறேன். அது என்ன மரம் என்று பார்த்துச் சொல்.

உன்,
தங்கராசு