டிரக்வேரின் மூடிய வாசல்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடந்தாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. பேத்தியின் பரீட்சை முடிவு வந்ததும் உடனே எழுது.

போன சனிக்கிழமை எடின்பரோவிலிருந்து பஸ் பிடித்து, ட்வீட் ஆற்றங்கரையில் இருக்கும் டிரக்வேர் மாளிகைக்குப் போய்வந்தேன். ஸ்காட்லாந்தில் விடாமல் ஆள் குடியிருந்து வரும் வீடுகளில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். மன்னர்கள் வேட்டைக்கு வந்து தங்கிய இடம். 1491 முதல் ஸ்டூவர்ட் குடும்பத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

மாளிகை என்றதும் பளிங்கும் பெரிய தூண்களும் உன் மனதில் வரும். இங்கே அப்படி எதுவும் இல்லை. வெள்ளைப் பூச்சுச் சுவர், செங்குத்தான கூரை, சின்னச் சின்ன ஜன்னல்கள். அவை ஒரே சீராகவும் இல்லை. ஒரு முனையில் பழைய கோபுரம்; அதை ஒட்டித் தலைமுறை தலைமுறையாக நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றுநீரோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய உனக்கு ஒன்று பிடிக்கும்: ட்வீட் ஆறு அடித்தளத்துக்கு மிக அருகில் ஓடியதால், 17ஆம் நூற்றாண்டில் இந்தக் குடும்பத்தின் முதலாம் ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) ஆற்றையே தள்ளி ஓடவைத்துவிட்டார்!

1690களில் ஜேம்ஸ் ஸ்மித் என்ற கட்டடக் கலைஞர் முன்முற்றத்தைச் சீரமைத்தார். அதன்பிறகு முகப்பு அநேகமாக மாறவே இல்லை. காரணம் பணமின்மை. அப்போது தடைக்குள்ளாகியிருந்த கத்தோலிக்க மதத்தை விடாததாலும், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் பக்கம் நின்றதாலும் சிறையும் நஷ்டமும்தான் மிஞ்சின. மற்ற பிரபுக்கள் பழையதை இடித்துப் புது மோஸ்தரில் கட்டியபோது, இவர்களால் முடியவில்லை. அந்த வறுமைதான் இந்த வீட்டைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேல்மாடியில் ரகசியமாகப் பூசை நடத்திய சிறு அறையும், பாதிரியார் தப்பி இறங்கிய மறைவுப் படிக்கட்டும் அப்படியே இருக்கின்றன. அந்தப் படியருகே நின்றபோது சிறிது நேரம் பேச்சே வரவில்லை.

வெளிவாசல் தூண்களின் மேல் இரண்டு கல் கரடிகள். 1745இல், அந்த வம்சத்துக்காக அரியணையை மீட்கக் கிளம்பிய இளவரசர் சார்லஸ் எட்வர்ட் இங்கே வந்து விடைபெற்றுப் போனதும் ஐந்தாம் ஏர்ல் அந்தக் கதவுகளை மூடினாராம். ஸ்டூவர்ட் அரச வம்சத்தவர் ஒருவர் மீண்டும் அரியணை ஏறும்வரை திறப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தாராம். 1796இல் மனைவியை இழந்த ஏழாம் ஏர்ல்தான் மூடினார் என்ற கதையும் உண்டு. என் மனம் முதல் கதையைத்தான் பற்றிக்கொள்கிறது. எதுவானாலும் கதவு இன்றுவரை திறக்கப்படவில்லை. எல்லோரும் பக்கவழியாகத்தான் போகிறோம்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். கரடிகளுக்குப் பின்னால் நீளமாகத் தெரியும் புல்வெளியைப் பார். அதுதான் அந்தக் காலத்து வண்டிப்பாதை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்