ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளின் தரத்தை வகுப்பறையில் வைத்து மதிப்பிடக் கோரும் மனு

அனுப்புநர்:
பயிற்சி ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆசிரியர்கள் சார்பில்,
தலைமை ஆசிரியர்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை

பொருள்: பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆசிரியர் பயிற்சிப் படிப்புகள் – தர மதிப்பீட்டில் படித்து முடித்தவர்களின் தொடக்க காலப் பணியையும், பயிற்சிக் காலக் கண்காணிப்பையும் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஒவ்வொரு கல்வியாண்டும் எங்கள் பள்ளிக்குப் படிப்பின் இடையே பயிற்சிக்காக மாணவ ஆசிரியர்களும், பட்டம் முடித்துப் பணியேற்கப் புது ஆசிரியர்களும் வருகிறார்கள். இவர்களை அனுப்பும் படிப்புகள் எல்லாமே தரச் சான்று பெற்றவை. அந்தச் சான்றுக்கு எதையெல்லாம் பார்த்தார்கள் என்று புரட்டினால் கட்டடம், நூலகம், பேராசிரியர்களின் பட்டங்கள், தேர்ச்சி விகிதம் என்று பட்டியல் நீள்கிறது. படித்து முடித்தவர் வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று எங்களிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கும் கடமையை விதியாக்க வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

கணிதத்தில் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் பெற்ற புது ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 5/6 என்று அழகாக எழுதிக் கொடுத்தார். மறுநாள் அதே மாணவன் 1/4 + 1/3 = 2/7 என்று போட்டான். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டுகிறான். பின்னம் என்பது அவனுக்கு ஒரே எண்ணாகத் தெரியவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு எண்களாகத் தெரிகிறது. "இதை எப்படிப்பா போட்டே?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான். அந்த ஆசிரியருக்குக் கணிதம் நன்றாகவே தெரியும். தப்பான விடைக்குப் பின்னால் பிள்ளை எப்படி யோசித்திருக்கிறது என்று பார்க்கத்தான் அவரை யாரும் பழக்கவில்லை. ஆசிரியர் பயிற்சி என்ற படிப்பு இருப்பதே அந்தப் பழக்கத்தைத் தருவதற்காகத்தான். இப்போதுள்ள எந்த அளவுகோலிலும் அது வந்திருக்கிறதா இல்லையா என்பது பதிவாவதில்லை.

பழக வேண்டிய இடம் கற்பித்தல் பயிற்சிக் காலம். அது நடக்கும் விதத்தை நாங்கள் அருகிலிருந்து பார்க்கிறோம். ஒரு கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர், வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அந்த நோட்டில் முப்பது பாடக் குறிப்புகள், மார்ஜின் கோட்டோடு, கலர் பேனாவில். பாதிக்கு மேல் முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டிலிருந்து அப்படியே எடுத்தவை. வகுப்பின் பெயரைக்கூடச் சில இடங்களில் மாற்றவில்லை. அந்த மாணவ ஆசிரியை உழைக்கத் தயாராக இருந்தவர். அவர் பாடம் எடுப்பதை முழுதாகப் பார்த்து, இந்த இடத்தில் இப்படிச் செய்திருக்கலாமே என்று சொல்ல அவருடைய கல்லூரியிலிருந்து ஆள் வரவில்லை. மதிப்பெண் மட்டும் முழுதாக வந்தது.

தேர்ச்சி விகிதத்தை வைத்து அளந்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். அங்கே உயர்கல்விச் சட்டத்தில் 1998-இல் வந்த திருத்தம், ஆசிரியர் உரிமத் தேர்வில் தங்கள் மாணவர்கள் பெற்ற தேர்ச்சி விகிதத்தை எல்லாப் பயிற்சி நிறுவனங்களும் வெளியிட வேண்டும் என்றது. பல நிறுவனங்கள், அந்தத் தேர்வில் தேறியவரையே படிப்பை முடித்தவராகக் கணக்கில் கொள்வோம் என்று விதி போட்டுக்கொண்டன. பிறகென்ன, 100 சதவீதத் தேர்ச்சிதான். எண் உயர்ந்ததே தவிர, படிப்பைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. நமது தேர்ச்சி விகிதத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டுகிறேன்.

இதற்கு நேர்மாறான வழி ஒன்றும் உண்டு. அதைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. புது ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது என்று கணக்கிட்டு, அதை அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஏற்றுவது. லூசியானா மாநிலம் இதில் முன்னோடி. 2016-இல் அமெரிக்கக் கல்வித் துறை, மாணவர் கற்றல் விளைவையும் சேர்த்துப் பயிற்சிப் படிப்புகளைத் தரம் பிரிக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் விதி கொண்டுவந்தது. 2017-இல் நாடாளுமன்றமே அதை ரத்து செய்தது. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கே அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. மாணவர் மதிப்பெண்களில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரால் விளைவது சுமார் 1 முதல் 14 சதவீதம்தான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் அறிக்கை விட்டது. பல மாநிலத் தரவுகளை மறுபடி அலசிய 2018-ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஒரு படிப்புக்கும் இன்னொரு படிப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மிகச் சிறியது, நம்பிக்கையோடு தரவரிசைப்படுத்த முடியாது என்றது. ஆகவே, பல்கலைக்கழகங்களுக்கு முதலிடம், கடைசி இடம் என்று பட்டியல் போடும் யோசனை துறையிடம் இருந்தால், அதைக் கைவிடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வரிசைப்படுத்த உதவாத அதே வகைத் தரவு வேறொன்றுக்கு உதவியிருக்கிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் சேர்ந்த புது ஆசிரியர்களை அவர்கள் படித்த படிப்புகளோடு ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வு, கற்பித்தல் பயிற்சியை நெருக்கமாகக் கண்காணித்த படிப்புகளில் படித்தவர்கள் முதல் ஆண்டில் மாணவர் கற்றலில் மேலான பலன் காட்டினார்கள் என்று கண்டது. எந்தக் கல்லூரி பெரியது என்ற கேள்வியை விட்டு, எப்படிப்பட்ட பயிற்சி பலன் தருகிறது என்று கேட்டதால் கிடைத்த விடை இது. நாமும் அதையே கேட்க வேண்டும்.

எனவே, பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு மாணவ ஆசிரியரின் எத்தனை வகுப்புகள் முழுப் பாடவேளையும் பார்க்கப்பட்டன, என்ன கருத்து எழுத்தில் தரப்பட்டது, வழிகாட்டி ஆசிரியரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பவற்றைத் தரச் சான்றுக்கான முதல் நிபந்தனையாக ஆக்குங்கள். படித்து முடித்தவர்களின் பதிவெண்ணைப் பள்ளிக் கல்வித் துறையின் பணிப் பதிவேட்டோடு இணைத்தால், எத்தனை பேர் ஆசிரியரானார்கள், மூன்று ஆண்டு கழித்தும் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பது தானாகவே தெரிந்துவிடும். இதில் ஒரு கவனம் தேவை. கஷ்டமான பள்ளிகளில் சேர்ந்தவர்கள் சீக்கிரம் விலகுவார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் பல்கலைக்கழகம் அதனாலேயே மதிப்பெண் இழக்கக் கூடாது. ஒரே மாதிரியான பள்ளிகளுக்குள்தான் ஒப்பிட வேண்டும்.

புது ஆசிரியர்களிடமும் அவர்களுடைய தலைமை ஆசிரியர்களிடமும் கருத்துப் படிவம் வாங்க வேண்டும். "பயிற்சி திருப்தியா?" என்று கேட்டால் எல்லோரும் திருப்தி என்றுதான் எழுதுவோம், தலைமை ஆசிரியர்களான நாங்கள் தாராளமாகவே எழுதுவோம். மாணவரின் பிழையை வைத்து அடுத்த பாடத்தை மாற்றத் தெரிகிறதா, வாசிக்கத் திணறும் பிள்ளையைக் கண்டுபிடிக்கத் தெரிகிறதா, பெற்றோரிடம் பேசத் தெரிகிறதா என்று குறிப்பாகக் கேட்டால்தான் உண்மை வரும். இதோடு, அந்தப் பல்கலைக்கழகத்தைச் சாராத, முறையாகப் பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் பொதுவான ஒரு படிவத்தோடு சில புது ஆசிரியர்களின் வகுப்புகளையாவது நேரில் பார்க்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் மேலே சொன்ன பின்னக் கணக்கு அங்கேதான் கண்ணில் படும்.

சிறிய படிப்புகளில் ஓர் ஆண்டுக்குச் சிலரே முடிப்பதால், மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்தே முடிவு சொல்ல வேண்டும். தனி ஆசிரியர் பற்றிய விவரம் அவருடைய பதவி உயர்வுக்கோ தண்டனைக்கோ பயன்படக் கூடாது என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் யாரும் மனம் திறந்து படிவம் நிரப்ப மாட்டார்கள். முதல் சுற்றின் முடிவுகளைப் பல்கலைக்கழகங்களுக்குத் திருத்திக்கொள்ளக் கொடுத்துவிட்டு, இரண்டாம் சுற்றிலிருந்து பொதுமக்களும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடலாம். ஆசிரியராக விரும்பிப் படிப்பைத் தேடும் இளைஞர்களுக்கு இன்று விளம்பரம் தவிர வேறு தகவல் இல்லை.

இதற்கான விதிமுறைகளை வகுக்கும் குழுவில், பயிற்சிப் பள்ளிகளின் வழிகாட்டி ஆசிரியர்களுக்கும், அண்மையில் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கும் இடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் நாங்களாகவே தயாரித்துப் பயன்படுத்தும் வகுப்பு நோக்கல் படிவத்தின் மாதிரியை இம்மனுவுடன் இணைத்துள்ளேன். அழைத்தால் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமை ஆசிரியர்
(வழிகாட்டி ஆசிரியர்கள் சார்பில்)

இணைப்பு: வகுப்பு நோக்கல் படிவம் – மாதிரி